மெத்தட் அழைப்பை வேகமாக்க: இன்லைன் கேச் கட்டும் முறை

பைத்தான், ரூபி போன்ற டைனமிக் மொழி ஒன்றுக்கு எழுதிய இன்டர்ப்ரெட்டர் (நிரலைப் படித்து ஓட்டும் மென்பொருள்) மெதுவாக ஓடுகிறது என்றால், முதலில் மெத்தட் தேடலைப் பாருங்கள். ‘கணக்கு.வட்டி()’ என்ற வரி ஓடும் ஒவ்வொரு முறையும் ஆப்ஜெக்ட்டின் கிளாஸைப் பிடித்து, அதன் ஹேஷ் டேபிளில் (பெயரைக் கொடுத்தால் மெத்தட்டைத் தரும் அட்டவணை) பெயரைத் தேடி, இல்லாவிட்டால் தாய் கிளாஸுக்கு ஏற வேண்டும். ஆனால் ஒரு வரிக்கு வந்துசேரும் ஆப்ஜெக்ட்கள் பெரும்பாலும் ஒரே கிளாஸைச் சேர்ந்தவை. 1984இல் டாய்ச்சும் ஷிஃப்மனும் ஸ்மால்டாக்-80க்கு இதை வைத்தே வேகம் கூட்டினார்கள்: தேடிக் கிடைத்த விடையை அழைக்கும் இடத்திலேயே எழுதிவைப்பது. இதுதான் இன்லைன் கேச். நிரலை ஓடும்போதே இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஜிட் கம்பைலரில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். ஜிட்டுக்கும் பின்னால் இந்தத் தகவல்தான் தேவைப்படும்.

பைட்கோடில் (இன்டர்ப்ரெட்டர் ஓட்டும் இடைநிலைக் கட்டளைகள்) ஒவ்வொரு அழைப்புக் கட்டளைக்கும் ஒரு கேச் பதிவு ஒதுக்குங்கள். அதில் 32 பிட் பதிப்பு எண், 64 பிட் மெத்தட் பாயின்டர் (மெத்தட்டின் நினைவக முகவரி) என இரண்டு புலங்கள் போதும். இடைவெளி சேர்த்து 16 பைட். கிளாஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு, கிளாஸ் மாறினால் அந்தப் பழைய எண் செல்லாது. எந்த இரண்டு கிளாஸுக்கும் ஒரே எண் வரக்கூடாது. அப்படி இருந்தால், ‘அதே கிளாஸா?’, ‘அது மாறாமல் இருக்கிறதா?’ என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே ஒப்பீட்டில் பதில் கிடைத்துவிடும். பைத்தானின் முதன்மை இன்டர்ப்ரெட்டரான சிபைத்தானும் இதே உத்தியைத்தான் கையாள்கிறது.

உண்மையான சிக்கல் கேச்சை நிரப்புவதில் இல்லை, மெத்தட் மாறும்போது பழைய விடையைச் செல்லாததாக்குவதில்தான். எளிய வழி, மொத்த நிரலுக்கும் ஒரே எண்ணி: எங்கே மெத்தட் மாறினாலும் அதைக் கூட்டுவது. எழுதப் பத்து வரி போதும். ஆனால் ஓடும்போது ஒரு ஆப்ஜெக்ட்டில் ஒரு மாட்யூலைச் சேர்த்தாலே எல்லா கேச்சும் வீணாகும். ரூபி 2.0 வரை இந்த நிலைதான், 2.1இல் கிளாஸ் வரிசையைப் பின்பற்றிச் செல்லாததாக்கும் முறைக்கு மாறினார்கள். நீங்களும் இரண்டாவதையே எடுங்கள். விலை: ஒவ்வொரு கிளாஸும் தன் சேய் கிளாஸ்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும்.

பதிப்பு எண்ணைத் தேவைப்படும்போது மட்டும் கொடுங்கள். 0 என்றால் ‘இப்போது எண் இல்லை’. கிளாஸ் மாறினால் அதற்கும் சேய்களுக்கும் 0 போடுங்கள். கேச் நிரப்பும்போது தாய் கிளாஸ்களுக்கு முதலில், பிறகு இதற்கு என்று புது எண் கொடுங்கள். இந்த வரிசை தவறாமல் இருந்தால், 0 உள்ள கிளாஸின் சேய்களும் 0தான். எனவே சேய்களை நோக்கி இறங்குவதை அங்கேயே நிறுத்தலாம். தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான மெத்தட்களை வரையறுக்கும்போது இது பெரிய மிச்சம்.

பலர் வழுக்கி விழும் இடம்: காலி கேச்சையும் 0 என்று வைப்பது. எண் இல்லாத கிளாஸ் வந்ததும் 0வும் 0வும் பொருந்தி, வெற்றுப் பாயின்டருக்குத் தாவி நிரல் விழும். காலி கேச்சுக்கு 1 வையுங்கள், உண்மையான எண்களை 2இலிருந்து தொடங்குங்கள். எண்கள் தீர்ந்துபோனால் கிளாஸ் 0விலேயே இருக்கட்டும், கேச்சை நிரப்பாதீர்கள். இன்னொன்று: பதிப்பு எண்ணைத் தேடலுக்கு முன்பே படித்துவையுங்கள். பின்னால் படித்தால், தேடலின் நடுவே பயனர் நிரல் ஓடி கிளாஸை மாற்றிவிட்டால், பழைய விடை புது எண்ணோடு பதிந்துவிடும்.

தனி ஆப்ஜெக்ட் ஆக்காமல், பாயின்டர் இருக்க வேண்டிய இடத்திலேயே வைத்துக் கடைசி பிட்டால் குறித்த முழு எண்களுக்குக் கிளாஸ் பாயின்டர் கிடையாது. எனவே பிட்டைச் சோதித்த பிறகே கிளாஸைப் படியுங்கள். மெத்தட்களை இடம் மாற்றும் கார்பேஜ் கலெக்டர் (பயனற்ற நினைவகத்தை மீட்கும் பகுதி) உங்களிடம் இருந்தால், கேச்சில் உள்ள பாயின்டர்களையும் அது திருத்த வேண்டும். அல்லது ஒவ்வொரு சுற்றிலும் கேச்சைத் துடைத்துவிடலாம்.

ஒரே இடத்துக்கு இரண்டு கிளாஸ்கள் மாறி மாறி வந்தால், ஒற்றைப் பதிவு ஒவ்வொரு முறையும் அழிந்து எழுதப்படும். கேச் இல்லாததைவிட மோசம். ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், அங்கர் மூவரும் 1991இல் செல்ஃப் மொழிக்காகச் சொன்ன தீர்வு, பல பதிவுகளை வரிசையாக வைப்பது. நான்கு போதும்: 16 பைட் வீதம் நான்கு சேர்ந்தால் 64 பைட், பெரும்பாலான கணினிகளில் ஒரு கேச் லைன் (செயலி நினைவகத்திலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் அளவு). குரோம் உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8உம் நான்கோடு நிறுத்திக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் எல்லா அழைப்பிடங்களும் பகிரும், 1024 பதிவுள்ள பொது அட்டவணைக்கு அனுப்புங்கள். ஆனால் நான்கும் நிரம்பியதற்கு, ஒரே கிளாஸ் அடிக்கடி மாறிப் பழைய எண்கள் தங்கிவிட்டதும் காரணமாக இருக்கலாம். ஆகவே முதல் முறை துடைத்துவிட்டு, மீண்டும் நிரம்பினால் மட்டும் பொது அட்டவணைக்கு மாற்றுங்கள்.

சோதனைக்கு ஒரு லூப்: பாட்டி கிளாஸின் மெத்தட்டைப் பேத்தி ஆப்ஜெக்ட் வழியாக ஆயிரம் முறை அழையுங்கள். ஐந்நூறாவது சுற்றில் நடுவில் உள்ள கிளாஸில் அதே பெயரில் மெத்தட் சேருங்கள். அடுத்த அழைப்பிலேயே புதியது ஓட வேண்டும்.