ஃபேன் பாக்ஸ்: தளம் போட்ட பிறகு திருத்த முடியாத தவறுகள்

போன வாரம் திருச்சிக்கு அருகே ஒரு வீட்டின் தளத்தில் ஏறிப் பார்த்தேன். மறுநாள் காலை கான்கிரீட். தொழிலுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத இரண்டு தம்பிகள் ஒயருக்கான பைப் இழுத்து, மின்விசிறியும் விளக்கும் மாட்டுவதற்கான பெட்டிகளை வைத்து முடித்திருந்தார்கள். ஏழு பெட்டிகளில் ஐந்து தவறாக இருந்தன. அந்த ஐந்து தவறுகளையும் 20 ஆண்டுகளுக்கு முன் நானே செய்திருக்கிறேன்.

மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள் என்பது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் ஏணியில் ஏறவே கூடாது. தளம் இறுகிவிட்டால் கைவைக்க முடியாத விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

"இப்போதைக்கு விளக்கு மட்டும் போதும்"

வீட்டுக்காரர் இப்படித்தான் சொல்வார். ஸ்டோர் ரூமுக்கு எதற்கு மின்விசிறி என்பார். நாமும் சாதாரண ஜங்ஷன் பாக்ஸை வைத்துவிடுவோம். சில ஆண்டுகளில் அந்த ஸ்டோர் ரூம் அம்மாவின் படுக்கையறையாகிவிடும். ஜங்ஷன் பாக்ஸ் என்பது ஒயர் இணைப்புகளை மூடி வைப்பதற்கான பெட்டி. அதன் திருகுகள் ஒரு மூடியையோ சிறு விளக்கையோ தாங்கும். 4, 5 கிலோ எடையுடன் நாள் முழுவதும் சுழலும் மின்விசிறியைத் தாங்காது. ஃபேன் பாக்ஸ் என்பது மின்விசிறியைத் தொங்கவிடக் குறுக்கே இரும்பு ராடு உள்ள பெட்டி. அதில் விளக்கைத் தொங்கவிடலாம். விளக்குப் பெட்டியில் மின்விசிறியை மாட்ட முடியாது. ஆள் உட்கார இடமுள்ள எந்த அறையானாலும், பால்கனி, போர்டிகோ, சமையலறை உட்பட, ஃபேன் பாக்ஸே வையுங்கள். சுவிட்ச் பெட்டியில் ரெகுலேட்டருக்கும் ஓர் இடம் விட்டுவையுங்கள்.

தளக்கம்பிக்கு அடியில் போகும் ராடு

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஃபேன் பாக்ஸில் எடையைத் தாங்குவது பெட்டி அல்ல, அதன் குறுக்கே போகும் இரும்பு ராடுதான். அந்த ராடு தளக்கம்பிகளின் மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் மின்விசிறியின் எடை கம்பி வலைக்கும், அதன் வழியாகத் தளம் முழுவதற்கும் போகும். ராடு கம்பிக்கு அடியில் போய்விட்டால், அதைக் கீழிருந்து பிடித்துக்கொண்டிருப்பது கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்தி வைக்கும் சிறு கட்டை) அளவுக்கு, அதாவது சுமார் 20 மி.மீ. கனத்துக்கு இருக்கும் கான்கிரீட் மட்டும்தான்.

இது எப்படி நடக்கிறது? கம்பி கட்டுபவர்கள் வருவதற்கு முன்பே, கான்கிரீட்டைத் தாங்க அடியில் போடும் சென்ட்ரிங் பலகையில் பெட்டியை ஆணியடித்து வைத்துவிடுகிறோம். அதுவும் ஆழம் குறைந்த பெட்டியாக இருந்தால், அவர்கள் ராடுக்கு மேலேயே கம்பியைப் பரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் பெட்டி இருக்கும், ராடும் இருக்கும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். மறுநாள் கான்கிரீட் கொட்டிவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

தொழில் தொடங்கிய காலத்தில் நான் ஒயரிங் செய்த ஒரு வீட்டிலிருந்து, குடிபுகுந்த மூன்றாம் ஆண்டில் அழைப்பு வந்தது. மின்விசிறி ஆடுகிறது என்றார்கள். இறக்கை வளைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பெட்டியைச் சுற்றி வட்டமாக விரிசல். முதல் நாள் இரவு உள்ளங்கை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழுந்திருக்கிறது. அந்தக் கட்டிலில் தூங்கும் குழந்தை அன்று பாட்டியிடம் படுத்திருந்தது. உளியால் கொத்திப் பார்த்தபோது, துருவேறிய ராடு கம்பிக்கு அடியில் கிடந்தது. நான் வைத்த ராடு அது.

அந்த வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "தம்பி, மத்த ரூம்லயும் இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மற்ற ஆறு பெட்டிகளையும் கொத்திப் பார்த்தேன். இரண்டில் அதே தவறு. மூன்று இடங்களிலும் கம்பியும் பைப்பும் இல்லாத இடமாகப் பார்த்துத் துளையிட்டு, ஆங்கர் போல்ட் அடித்துப் புதிய கிளாம்ப் மாட்டினேன். கொத்திய இடத்தைப் பூசினால் நிறம் ஒட்டாது என்பதால் மூன்று அறைகளின் கூரைக்கும் முழுதாகப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. என் இரண்டு மாத வருமானம் அதிலேயே போயிற்று.

அதனால் இப்போது நான் செய்வது இது: கம்பி கட்டி முடித்த பிறகுதான் ஃபேன் பாக்ஸை இறக்குவேன். ராடு 12 மி.மீ. கனம். பெட்டியின் இருபுறமும் குறைந்தது 20 செ.மீ. நீண்டு, இரண்டு பக்கமும் தளக்கம்பியின் மேல் ஏறியிருக்க வேண்டும். கடையில் பெட்டியோடு வரும் ராடு மெலிதாகவோ குட்டையாகவோ இருந்தால் அதை எறிந்துவிட்டு வேறு வெட்டிக்கொள்வேன். பிறகு நான்கு இடங்களில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுவேன். கட்டாமல் மேலே வைத்தால், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடும்போது நகர்ந்துவிடும். கான்கிரீட் அன்று காலையில் ஒவ்வொரு ராடையும் கையால் இழுத்துப் பார்க்காமல் தளத்திலிருந்து இறங்குவதில்லை.

பெட்டிக்கு இடம் வேண்டித் தளக்கம்பியை வெட்டுவது

வெட்டாதீர்கள். கம்பியைச் சற்று நகர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

அறையின் நடு, ஆனால் எந்த நடு?

சுவருக்குச் சுவர் அளந்து நடுவில் வைத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு பக்கம் இரண்டடி அகலத்துக்கு அலமாரியும் அதன் மேல் பரணும் வருகின்றன. மின்விசிறி ஓரத்தில் ஒதுங்கிச் சுற்றுகிறது. வரைபடத்தில் அலமாரியையும் பரணையும் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் இடத்துக்குத்தான் நடுப்புள்ளி எடுக்க வேண்டும். நீளமான ஹாலுக்கு ஒரு பெட்டி போதாது. இரண்டாகப் பிரித்து வையுங்கள். விளக்குப் புள்ளி இறக்கைகளுக்கு மேலே வரக் கூடாது. வந்தால் அறை முழுவதும் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு பிள்ளையால் பாடம் படிக்க முடியாது.

பெட்டிக்குள் கான்கிரீட் புகுவது

காகிதமோ மரத்தூளோ திணித்து மூடுங்கள். ஐந்து நிமிட வேலை.

எர்த் ஒயர் இல்லாமல் விடுவது

மூன்றாவது ஒயரையும் இழுங்கள்.

அன்று மாலை அந்தத் தம்பிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி தளத்தில் ஏறினேன். விளக்குப் பெட்டி வைத்திருந்த மூன்று இடங்களில் ஃபேன் பாக்ஸை மாற்றினோம். இரண்டு ராடுகள் கம்பிக்கு அடியில் கிடந்தன. கட்டுக்கம்பியை அவிழ்த்து மேலே ஏற்றினோம். இருட்டிவிட்டதால் கடைசிப் பெட்டியைக் கைபேசி வெளிச்சத்தில் கட்டினோம். மறுநாள் ஆறரை மணிக்கெல்லாம் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது.