மெடிக்கல் கோடிங், பில்லிங் வேலைக்குப் போகணும்னா எங்க ஆரம்பிக்கறது

கோடிங், பில்லிங்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிடறாங்க, ஆனா உள்ள போய்ப் பாத்தா ரெண்டும் வேற வேற வேலை, அதனால கோர்ஸுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்களுக்கு எது ஒத்துவரும்னு முடிவு பண்ணிடுங்க. டாக்டர் எழுதின நோட்ஸப் படிச்சு என்ன நோய், என்ன ட்ரீட்மென்ட்னு பாத்து அதுக்கான கோடைப் போடறவர் கோடர். அந்தக் கோடை வச்சு கிளைம் போட்டு, இன்சூரன்ஸ்ல இருந்து காசு வந்துச்சான்னு பாத்து, வரலன்னா ஏன் வரலன்னு விடாம துரத்தறவர் பில்லர். நாள் பூரா வாயே திறக்காம படிச்சிட்டு உக்காந்திருக்க முடியும்னா கோடிங் பக்கம் போங்க. போன்ல பேசியே காரியத்த முடிக்கற ஆளா இருந்தா ஏஆர் காலிங், அதாவது வராத காசுக்காக இன்சூரன்ஸுக்கு போன் போடற பில்லிங் வேலை, ஆனா அமெரிக்காவுல ஆபீஸ் நேரம் எதுவோ அதுதான் உங்க ஷிப்ட். இங்க இருந்து செய்யறது அமெரிக்க டாக்டருங்க, ஆஸ்பத்திரிங்களோட வேலைங்கறதால, நான் சொல்ற ரூல்ஸ் எல்லாமே அமெரிக்காவோடதுதான்.

தகுதிய பத்தி நிறைய குழப்பம் இருக்கு. சர்டிபிகேட் கொடுக்கற ஏஏபிசி, பரீட்சை எழுத டிகிரி வேணும்னு கேக்கறதில்ல. டிகிரி கேக்கறது கம்பெனிங்கதான், அதுவும் பெரும்பாலும் நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, பயோடெக் மாதிரி லைஃப் சயின்ஸ் படிச்சவங்களத்தான் முதல்ல எடுப்பாங்க, ஏன்னா அவங்களுக்கு அனாடமிய அடியில இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல. வேற படிப்பு படிச்சிருந்தா பில்லிங் கதவு இன்னும் ஈஸியா திறக்கும்.

படிக்க ஆரம்பிக்கறவங்க கோடை மனப்பாடம் பண்ண உக்காந்துடறாங்க, தயவுசெஞ்சு வேணாம். ஐசிடி-10-சிஎம்ல மட்டுமே 70,000க்கு மேல கோடு இருக்கு, அது நோய்க்கு. டாக்டர் செஞ்ச வேலைக்கு அஞ்சு இலக்க சிபிடி. மருந்து, கருவி இதுக்கெல்லாம் எச்சிபிசிஎஸ். ஐசிடி வருஷா வருஷம் அக்டோபர் 1, சிபிடி ஜனவரி 1 அன்னைக்கு மாறும், அப்போ மனப்பாடம் பண்ணத வச்சு என்ன செய்யறது? முதல்ல அனாடமி, மெடிக்கல் டெர்ம்ஸ், அப்புறம் ஐசிடி புக்கோட முன்பக்கத்துல இருக்கற கைட்லைன்ஸ். அந்தப் பக்கங்கள யாரும் ஒழுங்கா படிக்கறதில்ல, ஆனா சம்பளம் வாங்கித் தர்றது அதுதான்.

ஒண்ணு பாருங்க. கிளினிக்குக்கு ஒருத்தர் இருமல், காய்ச்சலோட வர்றார், டாக்டர் "நிமோனியாவா இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கவும்"னு எழுதி அனுப்பிடறார். புதுசா வர்ற கோடர் நேரா நிமோனியாவுக்கு ஜே18.9 போட்டுடுவார். தப்பு. அவுட்பேஷன்ட்ல, அதாவது அட்மிட் ஆகாம பாத்துட்டுப் போறவங்களுக்கு, "இருக்கலாம்", "சந்தேகம்"னு எழுதினத கோட் பண்ணக் கூடாது, இருமலுக்கு ஆர்05.9, காய்ச்சலுக்கு ஆர்50.9, அதோட நிறுத்திக்கணும். அதே ஆள் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜ் ஆகறப்பவும் "நிமோனியாவா இருக்கலாம்"னே எழுதியிருந்தா, ஆஸ்பத்திரி பில்லுக்கு ஜே18.9 போடலாம். இத இன்டர்வியூல கேக்காத ஆளே கம்மி. இன்னொண்ணு, சுகரும் இருக்கு, நாள்பட்ட கிட்னி நோயும் இருக்குன்னு தனித்தனியா எழுதியிருந்தாலும், ரெண்டுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டர் சொல்லாத வரைக்கும் கைட்லைனே ரெண்டையும் சேத்துடும், டைப் 2 சுகர்னா ஈ11.22 போட்டு கிட்னி எந்த ஸ்டேஜ்னு என்18ல இருந்து இன்னொரு கோடும் போடணும். உங்களுக்குத் தெரிஞ்ச மருத்துவ அறிவ வச்சு நீங்களா சேக்கறது வேற, ரூல் சேக்கச் சொல்றது வேற, நர்சிங், பார்மசி படிச்சு வர்றவங்க தடுமாறறது இங்கதான்.

பரீட்சைன்னா பெரும்பாலானவங்க எழுதறது ஏஏபிசியோட சிபிசி. 100 கேள்வி, 4 மணி நேரம், பாஸாக 70 சதவீதம், கோட் புக்க பாத்தே எழுதலாம். பாத்து எழுதறதுதானேன்னு அசால்ட்டா போனா கேள்விக்கு ரெண்டரை நிமிஷம் கூட கிடைக்காது, பக்கம் புரட்டறதுலயே நேரம் போயிடும். புக்ல டேப் ஒட்டி, கைல நோட்ஸ் எழுதி, எந்த செக்‌ஷன் எங்க இருக்குன்னு விரலுக்கே பழகற அளவுக்கு டைம் வச்சு மாக் டெஸ்ட் போடுங்க. அனுபவம் இல்லாம பாஸானா சிபிசி-ஏன்னு பேருக்குப் பின்னாடி ஒரு ஏ ஒட்டிக்கும், ரெண்டு வருஷ வேலை அனுபவத்துக்கு லெட்டர் காட்டினா அது போயிடும். ஆஸ்பத்திரி இன்பேஷன்ட் பக்கம் போகணும்னா ஏஎச்ஐஎம்ஏவோட சிசிஎஸ், பில்லிங்னா ஏஏபிசியோட சிபிபி. முதல் சர்டிபிகேட்டா சிசிஎஸ்ஸ எடுக்காதீங்க, அது கொஞ்ச நாள் வேலை பாத்தவங்களுக்கானது.

பில்லிங் ஆளுங்களும் கோடு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். பிபி செக்கப்புக்கு வந்தவருக்கு டாக்டர் அப்படியே தோல்ல தொங்கிட்டிருந்த மருவயும் (ஸ்கின் டேக்) எடுத்துவிட்டார்னு வைங்க, விசிட்டுக்கு 99213, மருவுக்கு 11200, இதுல 99213 கூட, விசிட் தனி வேலைன்னு காட்டற மாடிஃபையர் 25 இல்லன்னா விசிட் காச இன்சூரன்ஸ் தராது, அதுவும் இதுலயே அடக்கம்னு சிஓ-97னு டினையல், அதாவது மறுப்பு வரும். இந்த டினையல் கோட பாத்ததும் எங்க தப்புன்னு சொல்லத் தெரிஞ்ச பில்லருக்கு மதிப்பே தனி. அதுக்காக எல்லா விசிட்டுக்கும் 25 ஒட்டிடாதீங்க, ஆடிட்ல மாட்டுவீங்க. டெட்லைனும் முக்கியம், அமெரிக்க அரசு முக்கியமா வயசானவங்களுக்குத் தர்ற இன்சூரன்ஸான மெடிகேர் கிளைம்னா ட்ரீட்மென்ட் நடந்த நாள்ல இருந்து ஒரு வருஷம், அதுக்கப்புறம் அனுப்பினா அவ்ளோதான்.

வேலை தேடறப்போ டெபாசிட் கட்டுங்க, ட்ரெய்னிங் சர்டிபிகேட்ட நாங்க வச்சுக்கறோம்னு சொல்ற இடத்த விட்டு நகர்ந்துடுங்க. சேந்தப்புறம் எவ்ளோ முடிச்சீங்க, எவ்ளோ சரியா முடிச்சீங்கன்னு ரெண்டு நம்பர் உங்கள விடாது, புரொடக்‌ஷனும் குவாலிட்டியும், குவாலிட்டி பொதுவா 95 சதவீதம் கேப்பாங்க. ஆரம்பத்துல ரெண்டும் சேந்து வராது, குவாலிட்டிய பிடிச்சுக்கோங்க, வேகம் தன்னால வரும். உங்க வேலைய சரிபாக்கற ஆடிட்டர் எர்ரர் போட்டா சண்டைக்குப் போகாம கைட்லைன்ல எந்த செக்‌ஷன்னு கேளுங்க, காட்ட முடியலன்னா அப்போ தப்பில்லன்னு மறுத்து ரிபட்டல் போடுங்க, அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. சிபிசி வாங்கினவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ 36 சிஇயூ, அதாவது தொடர்ந்து படிச்சதுக்கான பாயிண்ட் காட்டணும், கடைசி மாசத்துல ஓடாம வெபினார்ல அப்பப்போ சேத்துட்டு வாங்க.