குளியலறைக்கு டைல்ஸ் நிறம் எடுக்கும்போது வன்னியில் நாம் விடும் பிழைகள்

போன மாதம் தங்கச்சி ஒரு டைல்ஸ் கடைக்குள் நின்றபடி எனக்கு நாலு படம் அனுப்பினாள். முள்ளியவளையில் வீடு கட்டுகிறார்கள். கூரை போட்டாயிற்று, இனிக் குளியலறைக்கு டைல்ஸ் எடுக்க வேண்டும். நாலு படத்திலும் வெள்ளை முதல் கடுஞ்சாம்பல் வரை ஏதோ ஒரு நிறம். "எது அக்கா வடிவு?" என்று கேட்டாள். "உங்கட கிணத்துத் தண்ணி காய்ஞ்சா என்ன நிறத்தில கறை விடுது?" என்று நான் கேட்டேன்.

"நான் டைல்ஸைக் கேட்கிறன், நீங்கள் கிணத்தைக் கேட்கிறியள்" என்றாள்.

கிணற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும். கிளிநொச்சிப் பக்கம் நாங்கள் வீடு கட்டியபோது நான் அதைக் கேட்காமல் விட்டேன். தரைக்கும் சுவருக்கும் பளபளக்கும் தூய வெள்ளை எடுத்தோம். கடையில் பார்க்கும்போது கண்ணை எடுக்க முடியாத வடிவு. குடிபுகுந்து ஒரு வருடத்துக்குள் குழாய்க்கு நேர் கீழே செம்மஞ்சளாக ஒரு கோடு விழுந்துவிட்டது. வாளி வைக்கும் இடத்தில் வாளியின் அடி அளவுக்கு ஒரு வட்டம். எத்தனை சனிக்கிழமை குந்தியிருந்து உரஞ்சியிருப்பேன்! அந்தக் கோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடைகளில் 'நியூட்ரல்' என்று சொல்வது வெள்ளை, ஐவரி, பீஜ், சாம்பல், மண்ணிறத்தின் மெல்லிய சாயல்கள் ஆகியவற்றைத்தான். இந்த வகையில் நிறம் எடுப்பது நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு காலத்தில் நீல அலையும் டொல்பின் மீனும் போட்ட டைல்ஸ் எல்லா வீட்டுக்கும் வந்தது. இன்று அதைப் பார்த்து அலுக்காதவர்கள் குறைவு. சுவருக்குப் பூசிய பெயின்ற் பிடிக்காவிட்டால் அடுத்த தைப்பொங்கலுக்கு மாற்றலாம். டைல்ஸை மாற்றுவதென்றால் உளி வைத்து உடைக்க வேண்டும். போர் முடிந்த பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயோடு கடனையும் சேர்த்துச் சுவர் எழுப்பிய குடும்பங்கள், இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டுகின்றன. சீட்டுக் கட்டியும் நகை அடகு வைத்தும் சேர்த்த காசு அது. இரண்டாம் தரம் உடைத்துப் போட யாரிடம் இருக்கிறது? அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தண்ணீரைப் பார்க்காமல் நிறம் எடுப்பது

நான் கண்டதில் மிகப் பெரிய பிழை இதுதான். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினத் தன்மை உள்ளது. சவர்க்காரம் நுரைக்காது, கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும், தண்ணீர் காய்ந்ததும் சுண்ணாம்புப் படலமாக டைல்ஸின் மேல் தங்கிவிடும். இப்படிப்பட்ட வீட்டில் கடும் சாம்பலோ கறுப்போ போட்டால் ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். காலையில் துடைத்தாலும் மத்தியானம் திரும்ப நிற்கும்.

வேறு சில கிணறுகளில் இரும்புச் சத்து அதிகம். இந்தத் தண்ணீர் அள்ளும்போது தெளிவாகத்தான் இருக்கும். காற்றுப் பட்ட பிறகுதான் கரைந்திருந்த இரும்பு துருவாகிச் செந்நிறம் காட்டும். எங்கள் வீட்டுக் கோட்டுக்குக் காரணம் அதுதான். இப்படியான வீட்டில் தூய வெள்ளை எடுத்தால் வருடம் முழுக்க உரஞ்ச வேண்டியதுதான்.

இரண்டையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளை வாளியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி ஒரு இரவு திறந்து வையுங்கள். விடிய அடியில் செம்மண் மாதிரி ஏதாவது படிந்திருந்தால் அது இரும்பு. கறுப்புப் பீங்கான் தட்டு ஒன்றில் ஒரு கரண்டி தண்ணீரை விட்டு வெயிலில் காய வையுங்கள். வெள்ளை வளையம் எவ்வளவு தடிப்பாக நிற்கிறதோ அவ்வளவு கடினம். குழாய்க்கிணறு அடித்தவர்கள் அந்தத் தண்ணீரையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே வளவில் இருக்கும் இரண்டு கிணற்றுத் தண்ணீர்கூட ஒரே மாதிரி இருக்காது.

அப்புறம் மண். சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசு யன்னல் இடுக்கால் உள்ளே வரும். மாரியில் வயலால் வந்து கால் கழுவும் இடமும் குளியலறைதான். செம்மண் பக்கத்து வீட்டுக்கும், முருங்கன் மாதிரிக் கரிய களிமண் உள்ள இடத்து வீட்டுக்கும் ஒரே தரை நிறம் சரிவராது. செம்மண்ணுக்கு மணல் நிறம், ஒடியல் மா நிறம், மெல்லிய மண்ணிறம் எல்லாம் பொருந்தும். களிமண்ணுக்கு நடுத்தரச் சாம்பல். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம்: ஒரே தட்டை நிறத்தைவிட, கல்லின் வரி மாதிரியோ மணல் தூவின மாதிரியோ மெல்லிய கலப்பு உள்ள டைல்ஸ் கறையை அவ்வளவாகக் காட்டாது.

கடை வெளிச்சத்தை நம்புவது

கடைக்குள் தலைக்கு மேலே வெள்ளை வெளிச்சம் கொட்டும். அந்த வெளிச்சத்தில் எந்தச் சாம்பலும் சுத்தமான சாம்பலாகத்தான் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் பல்பின் கீழே வைத்தால் ஒன்று பச்சை தட்டும், இன்னொன்று ஊதா தட்டும். சாம்பலும் பீஜும் தனி நிறங்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் அடியில் நீலமோ பச்சையோ மஞ்சளோ இளஞ்சிவப்போ ஒளிந்திருக்கும். அடிச் சாயலைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. டைல்ஸை ஒரு வெள்ளை ஏ4 தாளின் மேல் வையுங்கள். இதுவரை சாம்பலாகத் தெரிந்தது நீலமா பச்சையா என்று அப்போது தெரியும். பீஜை ஐவரி டைல்ஸுக்குப் பக்கத்தில் பிடித்தால் அதன் மஞ்சளோ சிவப்போ வெளியே வரும்.

எங்கள் குளியலறைகளின் யன்னல் பெரும்பாலும் சிறியது, உயரத்தில் இருக்கும். வெளியே மாமரம் நின்றால் இலைகளில் பட்டு வருகிற வெளிச்சம் பச்சை தட்டியதாக இருக்கும். பக்கத்துச் சுவர் செங்கல்லாகவோ முற்றம் செம்மண்ணாகவோ இருந்தால் வெளிச்சமும் சிவந்துதான் வரும். என் மாமி வீட்டில் இளம்பச்சை தட்டிய சாம்பல் டைல்ஸ், மாமரத்துப் பக்கம் யன்னல். பகல் முழுக்கப் பாசி பிடித்த சுவர் மாதிரி இருக்கும். டைல்ஸில் ஒரு பிழையும் இல்லை. அந்த அறைக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பல்பு வாங்கும்போது பெட்டியில் 3000 கெல்வின், 4000 கெல்வின், 6500 கெல்வின் என்று போட்டிருப்பார்கள். 3000 மஞ்சள், 6500 நீலம் தட்டிய வெள்ளை. எந்தப் பல்பு போடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தப் பல்பின் கீழே டைல்ஸைப் பாருங்கள். கைப்பேசிப் படத்தில் மட்டும் பார்த்து நிறம் முடிவு செய்ய வேண்டாம். தங்கச்சி அனுப்பின நாலு படத்துக்கும் நான் பதில் சொல்லாதது அதனால்தான்.

தரையையும் சுவரையும் ஒரே நிறத்தில் போடுவது

இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. தரை, சுவர், கொமட் மூன்றும் ஒரே வெள்ளையாக இருந்தால் படத்தில் வடிவுதான். ஆனால் பார்வை மங்கிய அம்மாவுக்குத் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கொமட்டின் விளிம்புகூடப் பின்சுவரோடு கலந்துவிடும். வன்னியில் எத்தனை வீடுகளில் செயற்கைக் காலோடும் ஊன்றுகோலோடும் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள்! அவர்கள் ஒவ்வொரு நாளும் தனியாகப் போய்வருகிற அறை அது. அங்கே ஒரு அடி தவறினால் எவ்வளவு பெரிய விபத்து.

அதனால் தரை சுவரைவிட இரண்டு மூன்று படியாவது கடுமையாக இருக்கட்டும். சுவர் ஒடியல் மா நிறம் என்றால் தரை ஈர மணல் நிறம். கொமட்டுக்குப் பின்னால் இருக்கிற சுவரை மட்டும் நடுத்தரச் சாம்பலாக்கினால் வெள்ளைக் கொமட் தெளிவாகத் தெரியும். தரைக்குப் பளபளப்பு வேண்டவே வேண்டாம், மட் வகைதான் எடுக்க வேண்டும். பெட்டியிலோ விபரத்தாளிலோ ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருந்தால் பாருங்கள். இலக்கம் கூடக் கூட வழுக்கல் குறையும். குளியலறைத் தரைக்கு ஆர் 10இற்குக் கீழே போக வேண்டாம். நிறம் பிடித்துவிட்டது என்று சுவர் டைல்ஸைத் தரைக்குப் பதிப்பதும் நடக்கிறது. அது தண்ணீரை உறிஞ்சும், பாரம் தாங்காமல் வெடிக்கவும் செய்யும்.

இடுக்கை மறப்பது

டைல்ஸுக்கு மூன்று நாள் யோசிப்போம். இடுக்கில் நிரப்பும் கிரவுட்டின் நிறத்தை மேசன் கேட்கிற அந்த நிமிடத்தில் "வெள்ளையே போடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிடுவோம். பிறகு வருகிற அழுக்கு முதலில் அங்கேதான் குடியேறும். எண்ணெய் வைத்து அரப்புத் தேய்த்து முழுகும் வீடு, மஞ்சள் பூசிக் குளிக்கும் வீடு என்றால் இன்னும் சீக்கிரம். மஞ்சள் கறை வெயில் பட்டால் மங்கிவிடும், ஆனால் குளியலறைக்குள் வெயில் ஏது?

தரைக்கு டைல்ஸைவிட ஒரு படி கடுமையான சாம்பலோ மண்ணிறமோ எடுங்கள். சீமெந்துக் கிரவுட் காய்ந்ததும் ஈரத்தில் இருந்ததைவிட வெளிறும். ஆகவே ஒரு உடைந்த துண்டில் போட்டு, காய விட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். காசு இடம் கொடுத்தால் குளிக்கிற மூலைக்கு மட்டும் எபொக்சி என்ற பிசின் வகைக் கிரவுட் போடலாம், அது கறையை உறிஞ்சாது.

கறை போகவில்லை என்று அசிட் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு சொல். அசிட் சுண்ணாம்புக் கறையை எடுக்கும், கூடவே சீமெந்துக் கிரவுட்டையும் அரித்துவிடும். அரித்த இடுக்கு முன்னைவிட அழுக்குப் பிடிக்கும். அசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. குளித்து முடிந்ததும் ரப்பர் வைத்த துடைப்பத்தால் தண்ணீரை வழித்துவிட்டாலே பாதிக் கறை வராது.

கொமட்டும் பேசினும் வாங்க முன்னர் டைல்ஸ் எடுப்பதும் ஒரு சிறிய பிழை. வெள்ளை என்று விற்பதிலேயே பல வெள்ளை இருக்கிறது. ஐவரிக் கொமட்டை நீலம் தட்டிய சாம்பல் சுவருக்கு முன்னால் வைத்தால் புதுக் கொமட் பழசு மாதிரித் தெரியும்.

கணக்குப் பிழை

5 அடிக்கு 7 அடி அறை, சுவரில் 7 அடி உயரம் என்று வைப்போம். சுற்றளவு 24 அடி, சுவர் 168 சதுர அடி. கதவு இரண்டரை அடி அகலம் என்றால் அதற்கு 17.5 கழித்து ஏறக்குறைய 150 சதுர அடி வரும். 300க்கு 600 மில்லிமீற்றர் டைல்ஸ் ஒன்று 1.94 சதுர அடி, ஆக 78 வேண்டும். வெட்டும்போது உடைவதற்கு பத்தில் ஒன்று சேர்த்தால் 86. தரை 35 சதுர அடிதான், 300க்கு 300 டைல்ஸ் என்றால் 41 எடுத்தால் போதும்.

அதை ஒரே தடவையில் வாங்குங்கள். பெட்டியின் பக்கத்தில் தொகுதி இலக்கமும் நிற இலக்கமும் அச்சடித்திருக்கும். ஒரே பெயர், ஒரே மாதிரி, ஆனால் வேறு தொகுதி என்றால் நிறம் மெல்லியதாக மாறும். வெள்ளை, சாம்பல் போன்ற நிறங்களில் அந்த மாற்றம் சுவரில் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு பெட்டியையும் ஏற்ற முன்னர் நீங்களே பாருங்கள். 2020இல் டைல்ஸ் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, பத்து டைல்ஸ் குறைந்ததால் பாதிச் சுவரோடு நின்ற வீடுகளை எனக்குத் தெரியும்.

சரி, தங்கச்சியிடம் வருவோம். நாலில் மூன்றுக்கு ஒவ்வொரு டைல்ஸ் காசு கொடுத்து வாங்கினாள். கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து, மூன்று நாள் காலையும் மாலையும் அந்தத் தண்ணீரை ஊற்றிக் காய விட்டாள். ஒரு மூலையில் செம்மண்ணைத் தேய்த்துவிடச் சொன்னேன், அதை அவளின் சின்னவன் சந்தோஷமாகச் செய்தானாம். நாலாம் நாள் படம் அனுப்பவில்லை, கோல் எடுத்தாள். "அக்கா, வெள்ளை மஞ்சளாப் போச்சு. கடுஞ்சாம்பல் முழுக்கப் புள்ளி. நடுவில இருக்கிற மணல் நிறத்தில ஒண்டையும் காணேல்லை."

அதையே எடுத்தார்கள். மிஞ்சிய ஏழு டைல்ஸும் பெட்டியோடு அவளின் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன.