மூச்சு முட்டும்போது முதலில் காற்றை வெளியே விடுங்கள்

அப்பாவுக்கு சிஓபிடி என்கிற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றிய பிறகு எங்கள் திருகோணமலை வீட்டில் இரவு வந்தாலே பயம். நடுச்சாமத்தில் எழும்பி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாயால் காற்றை இழுப்பார், இழுக்க இழுக்க முட்டும். நாங்கள் சுற்றி நின்று "என்ன செய்யுது அப்பா, என்ன செய்யுது" என்று கேட்டு அவரை இன்னும் பதறவைத்தோம். அதைச் செய்யாதீர்கள்.

இந்த நோயில் பழைய காற்று முழுதாக வெளியேறாமல் நெஞ்சுக்குள் தேங்குகிறது. பயத்தில் வேகமாக மூச்செடுத்தால் இன்னும் தேங்கும், முட்டல் கூடும், அதோடு பயமும் கூடும். அதனால் மூக்கால் இரண்டு எண்ணி எடுத்து, சுடுதேத்தண்ணியை ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து நாலு எண்ணி விடவேண்டும். பலமாக ஊத வேண்டாம், தானாகப் போகட்டும். முட்டல் இல்லாத நேரத்தில், பின்னேரத்தில் சும்மா இருக்கும்போதே பழகினால்தான் இரவில் கைகொடுக்கும்.

கதிரையில் முன்னால் சாய்ந்து, மேசையில் தலையணை வைத்து முழங்கைகளை ஊன்றட்டும். சின்ன பற்றரி விசிறியை மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நேராகப் பிடியுங்கள். முகத்தில் காற்றுப் பட்டால் முட்டுகிற உணர்வு தணியும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கரண்டும் போனால் பனையோலை விசிறிதான், முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வீசுங்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து, பேசாமல், அதே மெதுவான மூச்சைத் தானும் விட்டால் போதும்.

குளிப்பதும் உடுப்பு மாற்றுவதும் இருந்தபடியே. படி ஏறினால் மூச்சை விட்டுக்கொண்டே காலெடுத்து வைக்கவேண்டும். சாம்பிராணிப் புகை வேண்டாம், ஒட்சிசன் ஓடும் அறையில் விளக்கும் கற்பூரமும் கூடவே கூடாது. முட்டுகிறதென்று ஒட்சிசனை நாமாகக் கூட்டவும் கூடாது: இவர்களில் சிலருக்கு அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கரியமிலவாயு ஏறி மயக்கமாகும். டொக்டர் சொன்ன அளவுதான்.

பயத்தையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் நோயின் ஒரு பகுதி. எதற்கும் அடங்காத முட்டலுக்கு கடும் வலிக்குக் கொடுக்கிற மோர்பின் மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. பெயரைக் கேட்டுப் பயந்து மறுத்துவிடாமல் விளக்கம் கேளுங்கள்.

உதடு நீலமானால், பேச்சுத் தடுமாறினால், வழமையில்லாமல் தூங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், இன்ஹேலர் பம்ப் அடித்தும் முட்டல் அடங்காவிட்டால் காத்திருக்க வேண்டாம், 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எங்கள் வீட்டில் அந்த இலக்கத்தையும் அப்பாவின் மருந்துப் பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதி, கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.