ஜூரி 9-3 என்றால் என்ன? ஃபுளோரிடா மரண தண்டனைச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபுளோரிடாவில் ஒரு மரண தண்டனை உறுதியானாலும் சரி, ரத்தானாலும் சரி, செய்தியில் "ஜூரி 9-3 என்று வாக்களித்தது" என்பது போல ஒரு வரி அடிக்கடி இருக்கும். ஜூரி என்பது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் 12 பொதுமக்கள் அடங்கிய குழு. அந்த வரியைப் படித்ததும், மூன்று பேர் அவரை நிரபராதி என்று நினைத்திருக்கிறார்கள், அப்படியும் மரண தண்டனை கொடுத்துவிட்டார்களே என்று கருத்துகள் கிளம்பும். இது தவறு. குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியில் அங்கே 12 பேரும் ஒத்துப்போயே ஆக வேண்டும். அது முடிந்த பிறகுதான் தண்டனைக்கான விசாரணை தனியாகத் தொடங்கும். அதில் முதலில், கொள்ளையடிக்கும்போது கொன்றது, கொடூரமாகக் கொன்றது போன்ற கடுமைகூட்டும் காரணங்களில் ஒன்றாவது நிரூபணமானதா என்று பார்ப்பார்கள். அப்புறம் ஆயுளா, மரணமா என்று வாக்களித்து நீதிபதிக்குப் பரிந்துரைப்பார்கள். 9-3 என்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்விக்கு விழுந்த வாக்கு: ஒன்பது பேர் மரணத்துக்கு, மூன்று பேர் ஆயுளுக்கு.

நீதிபதியே தீர்ப்பும் தண்டனையும் எழுதும் இந்திய முறையைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் பிரிவு சட்டென்று பிடிபடாது. எண்ணைப் பார்த்தவுடன், எந்தக் கேள்விக்கு என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அடுத்த தவறு படித்தவர்களே செய்வது: "2016இல் ஹர்ஸ்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமித்த ஜூரி வேண்டும் என்றது." அப்படிச் சொல்லவில்லை. ஃபுளோரிடாவின் பென்சகோலா நகரில் 1998இல் ஓர் உணவகத்தில் நடந்த கொலை அது. ஜூரி 7-5 என்று மரணத்துக்குப் பரிந்துரைத்தது. கடுமைகூட்டும் காரணங்கள் உண்டா என்பதைத் தானே முடிவு செய்து நீதிபதி தண்டனை விதித்தார். அந்த முடிவை ஜூரிதான் எடுக்க வேண்டும், நீதிபதி அல்ல என்பதே 2016 ஜனவரி 12 அன்று வந்த தீர்ப்பு. 7-5 என்ற எண்ணிக்கை செல்லுமா என்பதற்குள் உச்ச நீதிமன்றம் போகவில்லை. தண்டனைப் பரிந்துரையிலும் 12 பேரும் ஒத்துப்போக வேண்டும் என்று அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது ஃபுளோரிடா மாநில உச்ச நீதிமன்றம். நடுவில் மாநிலச் சட்டமன்றம் 10-2 போதும் என்று ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது, அதுவும் அடிபட்டது. 2017இல் சட்டமும் 12-0க்கு மாறியது.

சரி, ஒருமித்த பரிந்துரை இல்லாமல் தண்டனை பெற்ற எல்லோருக்கும் மறுவிசாரணை கிடைத்ததா? இல்லை. இங்கேதான் தேதி வருகிறது. 2002 ஜூன் 24 அன்று ரிங் என்ற அரிசோனா வழக்கில் இதே கொள்கையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்திருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு தண்டனை இறுதியானவர்களுக்கு, அதாவது நேரடி மேல்முறையீடு முடிந்தவர்களுக்கு, புது விதி, முன்பே இறுதியானவர்களுக்கு இல்லை என்று 2016 டிசம்பரில் மாநில நீதிமன்றம் கோடு போட்டது. மரண தண்டனைக் கைதி மார்க் அசேயின் ஜூரி வாக்கு 9-3. அவருடைய வழக்கு தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இறுதியாகிவிட்டதால் பயனில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று தண்டனை நிறைவேறியது. அதே 9-3 வாக்குடன் 2002 தேதிக்குப் பிறகு தண்டனை இறுதியானவர்களுக்குப் புது விசாரணை கிடைத்தது. கோடு எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்பார்கள். மேல்முறையீடு எவ்வளவு நாள் இழுத்தது என்பதைப் பொறுத்து ஒருவர் உயிர் அமைவதை என்னால் நியாயம் என்று எழுத முடியவில்லை. பழைய பரிந்துரை 12-0 ஆக இருந்தவர்களுக்கும் பெரும்பாலும் எதுவும் மாறவில்லை. ஜூரிக்குப் பதில் நீதிபதி முடிவெடுத்த பிழையால் பாதிப்பில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தண்டனை மறுவிசாரணை என்றதும் விடுதலைக்கு வழி பிறந்துவிட்டது என்று நினைப்பதும் பரவலான பிழை. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். முதல் விசாரணையைப் பார்த்தே இராத புதிய 12 பேர் வந்து உட்காருவார்கள். அவர்களுக்காகக் கொலைச் சம்பவத்தை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பழைய சாட்சி இறந்திருந்தால், அன்று அவர் சொன்னதைப் பதிவேட்டிலிருந்து ஒருவர் வாசித்துக் காட்டுவார். குற்றவாளியின் தரப்புக்கும் புதிதாகச் சொல்ல நிறைய இருக்கலாம்: சிறுவயதில் பட்ட அடி, மனநோய், சிறையில் இத்தனை ஆண்டு நடந்துகொண்ட விதம். நல்ல நடத்தையைக் காட்டும் சாட்சியத்தைத் தடுக்கக் கூடாது என்று 1986லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஹர்ஸ்டுக்கே 2020இல் கிடைத்தது ஆயுள் தண்டனைதான், விடுதலை அல்ல.

பழைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஃபுளோரிடாவில் 12-0 வேண்டும் என்று இன்று எழுதினால் அதுவும் தவறு. 2020 ஜனவரியில் பூல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலிருந்து தானே பின்வாங்கியது: கடுமைகூட்டும் காரணத்தில் மட்டும் 12 பேரும் ஒத்துப்போனால் போதும், பரிந்துரையில் தேவையில்லை. ஆனாலும் சட்டப் புத்தகத்தில் 12-0 இருந்தது. 2018இல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்கு 2022இல் ஜூரி 9-3 என்று பிரிந்ததால் ஆயுள்தான் கிடைத்தது. இறந்த பிள்ளைகளின் பெற்றோர் கொதித்தார்கள். 2023 ஏப்ரலில் ஆளுநர் டிசான்டிஸ் கையெழுத்திட்ட சட்டத்தில் 8-4 போதும் என்றானது. எட்டுக்குக் கீழே போனால் ஆயுள். எட்டும் அதற்கு மேலும் என்றால் இறுதி முடிவு நீதிபதி கையில்.

12-0 காலத்தில் மறுவிசாரணை உத்தரவு வாங்கிவிட்டு வரிசையில் காத்திருந்தவர்களின் நிலைதான் விசித்திரம். அந்த உத்தரவு இறுதியாகியிருந்தால், பூல் தீர்ப்பைக் காட்டிப் பழைய மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று நீதிமன்றம் அரசிடம் சொன்னது. ஆனால் 2023க்குப் பிறகு நடக்கும் மறுவிசாரணைக்கு 8-4 விதியையே பொருத்தலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூரி ஒருமிக்கவில்லை என்பதற்காகக் கிடைத்த மறுவிசாரணையில், எட்டுப் பேர் சேர்ந்தால் மறுபடியும் மரணம்.

கடைசியாக, ஃபுளோரிடா விதியை அமெரிக்கா முழுமைக்கும் நீட்ட வேண்டாம். தண்டனையில் ஜூரி பிளவுபட்டால் பல மாநிலங்களில் ஆயுள். கலிஃபோர்னியாவில் புதிய ஜூரியை வைத்துத் தண்டனை விசாரணையை மறுபடி நடத்துவார்கள். மிசூரியிலும் இண்டியானாவிலும் நீதிபதியே முடிவெடுக்கலாம். அலபாமாவில் மரணத்துக்குப் பரிந்துரைக்க 10 பேர் போதும்.