மூன்று வாரம் தெளிவாக இருந்தால் பாட்டில் சுத்தம் என்று அர்த்தமில்லை

போன மாதம் மாதவரத்தில் எங்கள் திசு வளர்ப்பு (டிஷ்யூ கல்ச்சர்) லேபுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண், சம்பங்கிக் கிழங்குத் துண்டுகளைச் செடியாக வளர்க்கப் போட்ட பாட்டில்களை ட்ரேயோடு தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, மூணு வாரம் ஆச்சு, ஒண்ணுலகூட கண்டாமினேஷன் இல்ல. இன்னைக்கே சப்கல்ச்சர் பண்ணிடலாமா?" கிருமி எதுவும் கலக்கவில்லை, வெட்டிப் புதுப் பாட்டில்களுக்கு மாற்றிப் பெருக்கிவிடலாமா என்று கேட்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வார்த்தையை இதே சிரிப்போடு ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், அதற்கு நான் கட்டிய அபராதம் கொஞ்சநஞ்சமில்லை.

கையில் ஸ்பிரிட் தடவு, பி.ஹெச். (அமில அளவு) பார், முடியைக் கட்டு என்பதெல்லாம் முதல் நாளே எல்லாரும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வெளியே கழுவினால் உள்ளேயும் சுத்தம் என்று நினைப்பது

சம்பங்கியோ லில்லியோ கிளாடியோலஸோ, கிழங்கு என்பது மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து வருவது. பாவிஸ்டின் என்ற பூஞ்சைக்கொல்லியில் ஊறவைக்கிறோம், 70 சதவீத ஆல்கஹாலில் அரை நிமிடம் முக்குகிறோம், 0.1 சதவீத மெர்குரிக் குளோரைடில் சில நிமிடம் ஆட்டுகிறோம் (விஷம், அதைக் கொண்டுபோய் சிங்க்கில் கொட்டாதீர்கள்). இதெல்லாம் மேல்தோலில் இருப்பதைக் கொல்லும். திசுவுக்குள்ளேயே குடியிருக்கிற பாக்டீரியாவை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது.

ஃபங்கஸ் நல்லவன். ஒரு வாரத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி கிளம்பித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், தூக்கிப் போட்டுவிடலாம். உள்ளே இருக்கும் பாக்டீரியா அப்படி இல்லை. எம்.எஸ். மீடியா, அதாவது பாட்டிலில் ஊற்றும் சத்துக்கூழ், செடிக்காகச் செய்தது, அதில் உப்பும் சர்க்கரையும்தான் அதிகம், பி.ஹெச்சும் 5.8 போல அமிலப் பக்கம் இருக்கும், அதனால் பல பாக்டீரியாக்கள் அதில் கொழுத்து வளராமல் செடியின் அடியிலேயே சத்தமில்லாமல் மாதக்கணக்கில் இருந்துகொள்ளும்.

என் கதை இதுதான். பிரஜ்வல் ரகச் சம்பங்கிக்கு ஓர் ஆர்டர், அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. பன்னிரண்டு கிழங்கிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவு, உடனே வெட்டிப் பெருக்கத் தொடங்கிவிட்டேன். எந்தச் செடி எந்தக் கிழங்கிலிருந்து வந்தது என்று எழுதவில்லை, எல்லாம் ஒரே ரகம்தானே என்ற அலட்சியம். நாலாவது சப்கல்ச்சரில் அறுநூறு பாட்டில். அக்னி நட்சத்திரம், சனிக்கிழமை ராத்திரி ஏசி கம்ப்ரசர் போய்விட்டது, ஞாயிறு யாரும் வரவில்லை. திங்கள் காலை குரோத் ரூமைத் திறந்தால் 36 டிகிரி. ஒரு பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். செடியின் அடியைச் சுற்றி, அகாருக்குள் (மீடியாவைக் கெட்டியாக்கும் கூழ்), கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒரு மங்கல். அடுத்த பாட்டிலிலும் அதே. பாதிக்கு மேல் அப்படித்தான்.

முதலில் ஏசியைத் திட்டினேன். அப்புறம் லாமினார் (வடிகட்டிய காற்று வீசும் வேலை மேசை)தான் காரணம் என்று ஃபில்டரை மாற்றினேன், அது ஒரு பெரிய செலவு. அதற்கும் அடுத்து, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, கூட வேலை செய்த பெண்ணின் கை சரியில்லை என்று அவளைக் கடிந்துகொண்டேன். பாட்டிலை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அன்றைக்கே விடை தெரிந்திருக்கும். காற்றிலிருந்தோ கையிலிருந்தோ வந்தால் மீடியாவின் மேற்பரப்பில் அங்கங்கே, பல நிறத்தில் பொட்டுப் பொட்டாக வரும். எனக்கு வந்தது ஒரே மஞ்சள் கலந்த வெள்ளை, எல்லாவற்றிலும் வெட்டுவாயை ஒட்டியே. கிழங்கோடு வந்தது, நானே பிளேடால் பரப்பியது. சூடு ஏறியதும் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். ஏசி எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது.

பன்னிரண்டில் ஒன்றோ இரண்டோ கிழங்குதான் கெட்டதாக இருந்திருக்கும். எண் போட்டிருந்தால் அவற்றின் வாரிசுகளை மட்டும் கழித்திருப்பேன். போடாததால் அறுநூறும் ஆட்டோகிளேவுக்குப் (நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் பாத்திரம்) போய் அப்படியே குப்பைக்குப் போனது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், அந்த மனிதர் அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு கிழங்குக்கும் ஓர் எண், அது கடைசிவரை பாட்டிலில் இருக்கும். எண் மாறினால் பிளேடும் மாறும். முதல் சப்கல்ச்சரின்போது அடிப்பகுதியில் ஒரு சீவல் எடுத்து நியூட்ரியன்ட் பிராத்தில் (பாக்டீரியா நன்றாக வளரும் திரவம்) போட்டு இரண்டு மூன்று வாரம் பார்ப்பேன், கலங்கினால் அந்த எண்ணே காலி. ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு பாட்டிலை ஏசிக்கு வெளியே லாஃப்டில் வேண்டுமென்றே வைப்பேன், சென்னை வெயிலுக்கு வேறு உபயோகம் என்ன இருக்கிறது. பயிற்சிக்கு வந்த பெண்ணின் ஏழாம் எண் லாஃப்டில் பத்தே நாளில் மங்கிவிட்டது. இருப்பதிலேயே செழிப்பாக இருந்தது அதுதான், அவளுக்குக் குப்பையில் போட மனசே வரவில்லை.

ஆன்டிபயாடிக்

மீடியாவில் ஊற்றாதீர்கள். பாக்டீரியா பல சமயம் அடங்கிக் கிடக்கும், சாகாது.

லில்லிக் குட்டிக் கிழங்கை நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோவது

பாட்டிலில் 25 டிகிரியில் வளர்ந்த லில்லிக் கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கும். 5 டிகிரி வாக்கில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வைத்தால்தான் எழும்பும். முதல் தடவை நட்டுவிட்டு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, அழுகிவிட்டது என்று கொட்டினேன். கீழே உருண்டவை கல் மாதிரி கெட்டியாக இருந்தன. சம்பங்கிக்கு இந்த ஃபிரிட்ஜ் வைத்தியம் வேண்டாம், அது மெக்சிகோ செடி, குளிர் ஆகாது.

பி.ஏ.பி. (துளிர்களைப் பெருக்கும் ஹார்மோன்) கூட்டினால் செடி கூடும் என்பது

கண்ணாடி மாதிரி தண்ணீர் கோத்த இலைதான் கூடும்.

தண்ணீர்

மீடியா கலக்க தண்டையார்பேட்டை போர் தண்ணீரும் வேண்டாம், கேன் தண்ணீரும் வேண்டாம். வாலை வடித்த தண்ணீர் மட்டும்.

இலையைப் பார்த்து வெளியே எடுப்பது

பச்சைப் பசேலென்று இலை வந்ததும் புரோட்ரேவுக்கு (குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) மாற்றத் தோன்றும். ஏப்ரல், மே மாதத்தில் அந்த இலை மதியத்துக்குள் சுருண்டுவிடும், அடியில் கிழங்கு பருத்திருக்காவிட்டால் மறுபடி துளிர்க்கவும் அதற்குச் சக்தி இருக்காது. கடைசிச் சுற்றில் சர்க்கரையை லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 60க்கு ஏற்றி, அடி பட்டாணி அளவாவது தடிக்கும்வரை பாட்டிலிலேயே விட்டுவைக்கிறேன். வெளியே எடுத்ததும் ஒட்டியிருக்கும் அகாரை விரலால் தேய்த்துக் கழுவி எடுக்க வேண்டும், அதில் இருக்கும் சர்க்கரைக்குத்தான் புரோட்ரேயில் பூஞ்சையும் எறும்பும் வரும்.