வளைய முடியலன்னா மூச்சுல இருந்து ஆரம்பிங்க

உடம்பு வளையாதுன்னு நெனச்சே நிறைய பேரு யோகா பக்கமே வர்றதில்ல, ஆனா யோக சூத்திரம் எழுதுன பதஞ்சலி முனிவர் சொன்ன யோகாவோட 8 அங்கத்துல ஆசனம் ஒண்ணே ஒண்ணுதாங்க, அதையும் ஆடாம சுகமா உக்காரணும்னுதான் சொல்றாரு. நம்ம திருமூலரும் திருமந்திரம் மூணாம் தந்திரத்துல, அதாவது மூணாம் பகுதியில, பிராணாயாமம்ங்கற மூச்சுப் பயிற்சிக்குன்னே தனியா பாடியிருக்காரு. தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு 5 நிமிஷம், சேர்ல கூட ஓகே, முதுக நிமித்தி உக்காந்து மூக்கு வழியா 4 எண்ற வரைக்கும் இழுத்து 6 எண்ற வரைக்கும் மெதுவா விடுங்க, வெளிய விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் நிதானமாகும், அதான் டென்ஷன் இறங்குது. மூச்ச அடக்க மட்டும் வேணாம், பிபி இருக்கறவங்க, கர்ப்பிணிங்க ரொம்ப கவனமா இருங்க. தலை சுத்துனா உடனே நிறுத்திட்டு சாதாரணமா மூச்சு விடுங்க.